எக்ஸ் அச்சு நகரவில்லை: ஒரு மோட்டார், இரண்டு பழுது

கணினி சொன்னபடி பலகை செதுக்கும் என் சிஎன்சி ரூட்டரில், வளைவாக வரவேண்டிய கோடு திடீரென்று நேர்கோடாகப் போனபோதுதான் ஏதோ தப்பு என்று தெரிந்தது. செதுக்கும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் சுற்றுகிறது, ஒய் அச்சு நகர்கிறது, எக்ஸ் மட்டும் நின்ற இடத்திலேயே 'ஊம்ம்' என்று முனகுகிறது. அவசர நிறுத்தப் பொத்தானைத் தட்டுவதற்குள், ஏற்கெனவே முடிந்திருந்த செதுக்கலின் குறுக்கே பிட் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு கிழித்துவிட்டது. பலகை போனது போனதுதான். அந்த எக்ஸ் மோட்டாரை மறுபடி ஒழுங்காக ஓட வைக்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின. அதில் முழுதாக ஒரு நாள், முதல் ஐந்து நிமிடத்தில் நான் செய்த ஒரு சின்னக் காரியத்தால் வீணானது. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பற்றி. சிறிய சிஎன்சி ரூட்டர். மேசை அசையாது, அதன் மேல் கேன்ட்ரி, அதாவது மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலம், முன்னும் பின்னும் போகும், அது ஒய். கேன்ட்ரியின் மேல் ஸ்பிண்டில் இடவலமாகப் போவது எக்ஸ். மேலும் கீழும் போவது இசட். மூன்றுக்கும் நேமா 23 ஸ்டெப்பர் மோட்டார். ஸ்டெப்பர் என்பது உள்ளே இரண்டு சுருள்களோடு, பல்ஸ் (மின்துடிப்பு) வர வர ஒவ்வொரு சின்னப் படியாகத் திரும்பும் மோட்டார். நேமா 23 என்பது முகப்புத் தகட்டின் அளவை, அதாவது 2.3 அங்குலத்தை மட்டுமே குறிக்கும். மோட்டாரின் வலிமை அந்தப் பெயரில் தெரியாது. என் மோட்டார்களில் 3 ஆம்பியர் என்று ஒட்டியிருக்கிறது. ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி, ஆக ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். ட்ரைவர்கள், அதாவது பல்ஸை வாங்கிச் சுருள்களுக்கு மின்னோட்டம் தரும் பெட்டிகள், டிஎம்542 வகை. அவற்றின் டிப் சுவிட்சில் (குட்டி அமைப்புச் சுவிட்சு வரிசையில்) ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ் என்று வைத்திருக்கிறேன். மோட்டார் திருப்பும் பால் ஸ்க்ரூ (அச்சை நகர்த்தும் மரைத் தண்டு) ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும். 1600-ஐ 5-ஆல் வகுத்தால் 320. கண்ட்ரோலர் போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில், எக்ஸும் ஒய்யும் ஒரு மில்லிமீட்டர் நகர எத்தனை பல்ஸ் என்று சொல்லும் $100, $101 இரண்டுக்கும் அதுதான் மதிப்பு. பவர் சப்ளை 36 வோல்ட். ஒய் மோட்டார் மேசைக்கு அடியில் சட்டத்தோடு பொருத்தப்பட்டு அசையாமல் இருக்கிறது. எக்ஸ் மோட்டார் கேன்ட்ரியின் ஓரத்தில் உட்கார்ந்து கேன்ட்ரியோடு சேர்ந்து பயணம் செய்கிறது. இந்தக் கடைசி விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்பர் ஓடவில்லை என்று மட்டும் சொன்னால் அதில் எதுவும் பிடிபடாது. எப்படி ஓடவில்லை என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. நகரச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டு, மோட்டாரின் மேல் விரலை வைத்துக் கவனிக்க வேண்டும். சத்தமே இல்லை, தண்டும் கையால் லேசாகச் சுற்றுகிறது என்றால் சுருளில் மின்னோட்டமே இல்லை: பவர் சப்ளை, ஃப்யூஸ், ட்ரைவரை இயக்கவோ அணைக்கவோ சொல்லும் எனேபிள் கம்பி, இவற்றில் ஏதோ ஒன்று. சத்தம் இல்லை, ஆனால் தண்டு இறுகிப் பிடித்திருக்கிறது என்றால் மின்னோட்டம் வருகிறது, பல்ஸ் வரவில்லை. கண்ட்ரோலர் பக்கம் பார்க்க வேண்டும். கிறீச்சென்று உயர்ந்த குரலில் கத்திவிட்டு நின்றால் வேகமோ முடுக்கமோ அதிகம், மோட்டாரால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. முனகிக்கொண்டே இருந்த இடத்தில் துடித்தால் பல்ஸ் வருகிறது, மின்னோட்டமும் வருகிறது, ஆனால் இரண்டு சுருளில் ஒன்று வேலை செய்யவில்லை, அல்லது கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன, அல்லது அச்சு எங்கோ இறுகிப்போயிருக்கிறது.

என்னுடையது கடைசி வகை. மோட்டார் தண்டையும் பால் ஸ்க்ரூவையும் சேர்க்கும் கப்ளிங்கின் மேல் விரலை வைத்தால் பூனையின் தொண்டை போல உறுமல் தெரிந்தது. தண்டு ஒரு நூல் முன்னே போய் ஒரு நூல் பின்னே வந்தது. கப்ளிங்கை மெல்ல இடப்பக்கம் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று ஸ்டெப் இடப்பக்கம் தாவியது, வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம். போகும் திசை மோட்டாருக்கே தெரியவில்லை. இரண்டு சுருள்களும் மாறி மாறி இழுத்தால்தான் காந்தப்புலம் ஒரு திசையில் சுழலும். ஒன்று மட்டும் இழுத்தால் புலம் முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான், சுழலாது.

இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் தப்பு செய்தேன். கேன்ட்ரி மேசையின் நடுவைத் தாண்டி நின்றிருந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் கை எட்டவில்லை. அதனால் ஒய் அச்சை ஜாக் செய்து, அதாவது நேரடியாகக் கட்டளை கொடுத்து நகர்த்தி, கேன்ட்ரியை எனக்கு நேரே முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினேன். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பவர் சப்ளையின் விளக்கு அணையும்வரை காத்திருந்து, எக்ஸ் ட்ரைவரிலிருந்து மோட்டார் கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தேன். ஏ, பி என்பவை இரண்டு சுருள்கள்; +, - அவற்றின் முனைகள். ஏ+ முதல் ஏ- வரை 1.6 ஓம். பி+ முதல் பி- வரை 1.6 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும், அதைக் கழித்தால் 1.3. சுருளுக்கு ஏறக்குறைய 1 ஓம், மீதி கேபிளுடையது. ஏ-க்கும் பி-க்கும் இடையே தொடர்பு இல்லை. சுருளுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையேயும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

கம்பிகளைத் திரும்ப மாட்டும்போது பி- டெர்மினலின் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்ததைக் கவனித்தேன். சரி, கண்டுபிடித்தாகிவிட்டது என்று நினைத்தேன். காரணமும் கையில் தயாராக இருந்தது. இந்த இயந்திரத்துக்கு முதல் முறை கம்பி போட்டபோது முனைகளில் சால்டர் பூசி டெர்மினலில் இறுக்கியிருந்தேன். சால்டர் மென்மையான உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக ஆக அது மெதுவாகப் பிதுங்கி விலகும், இறுக்கம் தானாகக் குறையும். பல இழைக் கம்பியை ஸ்க்ரூ டெர்மினலில் மாட்டும்போது சால்டர் பூசக் கூடாது, ஃபெரூல் (முனையை மூடும் குட்டி உலோகக் குழாய்) போட்டு அழுத்த வேண்டும். அன்று நான்கு முனைகளையும் வெட்டி ஃபெரூல் போட்டேன். எக்ஸ் அச்சை 10 மில்லிமீட்டர் ஜாக் செய்தேன். ஓடியது. 100 மில்லிமீட்டர் ஓட்டினேன். ஓடியது. நிம்மதியாக விளக்கை அணைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் புதுப் பலகை. இருபது நிமிடம் ஓடியது, மறுபடி அதே முனகல்.

இந்த முறை எதையும் நகர்த்தவில்லை. முந்தைய நாள் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது என்றால், பழுது இருக்கும் இடத்தை விட்டு நான் இயந்திரத்தை நகர்த்திவிட்டேன் என்றுதான் பொருள். திரையில் நிலையைப் பார்த்தேன்: ஒய் 410. முந்தைய நாள் கெட்டுப்போன பலகையை எடுத்து அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று அளந்தேன். அது 360-க்கு அருகில். எக்ஸ் எண்கள் இரண்டு நாளும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருந்தன. நின்றுபோவது எக்ஸ் அச்சு, ஆனால் அது எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது ஒய்! இது புரிந்ததும் எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. எக்ஸ் மோட்டார் கேன்ட்ரியோடு பயணம் செய்கிறது. அதன் கேபிள், ஒய் நகரும்போது உருண்டு வளையும் கேபிள் செயின் வழியாக வருகிறது.

ஆனாலும் ஊகத்தை வைத்துக்கொண்டு கேபிளை அறுக்க மனம் வரவில்லை. முந்தைய நாள் ஊகம் தந்த பாடம் இன்னும் சூடாக இருந்தது. அதனால் மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்தேன். மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டு, எக்ஸ் மோட்டார் கேபிளை ஒய் ட்ரைவரிலும் ஒய் மோட்டார் கேபிளை எக்ஸ் ட்ரைவரிலும் மாட்டினேன். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியை ட்ரைவரிலிருந்து பிடுங்கவே கூடாது. சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று அறுபடும்போது எழும் மின்னழுத்தம் ட்ரைவரின் டிரான்சிஸ்டர்களைக் கொன்றுவிடும். கேபிளுக்குள் கம்பி விட்டு விட்டுத் தொடுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. என் ட்ரைவர் இரண்டு நாள் அதைத் தாங்கி நின்றது பெரிய விஷயம்.

இரண்டு அச்சுக்கும் ஒரே வகை மோட்டார், ஒரே டிப் சுவிட்ச் அமைப்பு என்பதால் இந்த மாற்றம் பாதுகாப்பானது. மின்னோட்ட அளவு வேறாக இருந்தால் முதலில் சுவிட்சுகளைச் சரிசெய்ய வேண்டும். இப்போது எக்ஸ் கட்டளை கொடுத்தால் ஒய் மோட்டார் நகரும், அதனால் கேன்ட்ரியும் நகரும். 1 மில்லிமீட்டருக்கு மேல் கொடுக்கவில்லை. எக்ஸ் கட்டளைக்கு ஒய் மோட்டார் சுத்தமாக நகர்ந்தது. ஆக கண்ட்ரோலர், எக்ஸ் பல்ஸ் கம்பி, எக்ஸ் ட்ரைவர், பவர் சப்ளை, அமைப்பு எண்கள் எல்லாமே ஒரே அடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே போயின. ஒய் கட்டளைக்கு எக்ஸ் மோட்டார் அதே பழைய முனகலைத்தான் கொடுத்தது. பழுது ட்ரைவருக்கு அந்தப் பக்கம்: கேபிள், மோட்டார், அல்லது இயந்திரப் பகுதி. மின்சாரம் இல்லாமல் எக்ஸ் பால் ஸ்க்ரூவைக் கையால் திருப்பினேன், வெண்ணெய் போலப் போனது. கப்ளிங்கும் தண்டும் சேரும் இடத்தில் பேனாவால் எப்போதோ போட்டு வைத்த கோடு நேராகவே இருந்தது, கப்ளிங்கை இறுக்கும் கிரப் ஸ்க்ரூ நழுவவில்லை. இயந்திரப் பகுதியும் போனது.

ஒருவேளை எக்ஸ் கட்டளைக்கு ஒய் மோட்டாரும் அசையாமல் இருந்திருந்தால் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். திரையில் எக்ஸ் எண் மாறுகிறது என்பதால் பல்ஸ் வெளியே போகிறது என்று ஆகிவிடாது. ஜிஆர்பிஎல் தான் அனுப்பியதாக எண்ணிக்கொண்டதைத்தான் காட்டுகிறது, மோட்டாரிடமிருந்து அதற்குப் பதில் எதுவும் வருவதில்லை. எண்ணே மாறவில்லை என்றால் அலாரம் பூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், $X கொடுத்துத் திறக்கலாம். பல்ஸ் வருகிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை வைத்து, 'ஒன்றும் வரவில்லை, போர்டு போய்விட்டது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் என் இயந்திரத்தில் நொடிக்கு 1600 பல்ஸ் போகும். ஒவ்வொன்றும் 10 மைக்ரோ நொடிதான். நூறில் ஒன்றரைப் பங்கு நேரம் மட்டுமே கம்பியில் 5 வோல்ட் இருக்கிறது. மீட்டர் சராசரி எடுத்து 0.08 வோல்ட் என்று காட்டும். அது சரியான பல்ஸ்தான். திசைக் கம்பியை மீட்டரால் பார்க்கலாம், அது நிலையாக 0 அல்லது 5-இல் நிற்கும். பல்ஸ் கம்பிக்கு நான், மின்துடிப்பைச் சத்தமாக்கும் ஒரு பீஸோ தகட்டை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக வைத்துத் தரையோடு இணைத்துக் கேட்பேன். 1600 ஹெர்ட்ஸ் மெல்லிய விசில் போலக் கேட்கும், வேகத்தைக் கூட்டினால் சுருதி ஏறும். பல்ஸைத் திரையில் காட்டும் லாஜிக் அனலைசர் இருந்தால் அது இன்னும் நல்லது, ஆனால் காதுக்குக் கேட்கும் பல்ஸ் தரும் நம்பிக்கை தனி.

எனேபிள் பற்றியும் ஒன்று. என்னுடையது போன்ற ட்ரைவர்களில் எனேபிள் கம்பியை இணைக்காமல் விட்டாலே மோட்டார் இயங்கும் நிலையில் இருக்கும். சிலர் அதை இணைத்துவிட்டு, அதன் வழியாகத் தாங்களே ட்ரைவரை அணைத்து வைத்திருப்பார்கள். ஜிஆர்பிஎல்லில் $4 அந்த சிக்னலைத் தலைகீழாக்கும். $1 என்பது நகர்வு முடிந்தபின் எத்தனை மில்லி நொடியில் மோட்டாரை விட வேண்டும் என்பது. இயல்பாக 25 இருக்கும். எனேபிள் இணைத்திருந்தால் நின்ற அடுத்த கணம் மோட்டார் தளர்ந்துவிடும், 'பிடிமானமே இல்லை' என்று தோன்றும். சோதிக்கும்போது அதை 255 ஆக்கிவிட்டால் எப்போதும் பிடித்தபடி நிற்கும்.

சரி, என் எக்ஸுக்கு வருகிறேன். கேன்ட்ரி 410-லேயே நிற்கிறது. கேபிளை ட்ரைவரிலிருந்து கழற்றி அளந்தேன். ஏ சுருள் 1.6, முந்தைய நாள் போலவே. பி சுருளில் மீட்டர் 1.9 என்றது, 4 என்றது, அப்புறம் ஓஎல், அதாவது தொடர்பே இல்லை. நான் மூச்சு விட்டால்கூட எண் மாறுகிறதோ என்று தோன்றும் அளவுக்குத் தள்ளாடியது. மோட்டார் பக்கத்து நான்கு முனை கனெக்டரைக் கழற்றி மோட்டாரை மட்டும் தனியாக அளந்தேன்: இரண்டு சுருளும் 1.3. மோட்டார் நல்ல மோட்டார்.

அடுத்து செய்ததுதான் இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி. கனெக்டரை மறுபடி மாட்டினேன். எக்ஸ் கேபிளின் ட்ரைவர் முனையை வெளியே விட்டு, பி கம்பிகள் இரண்டையும் மீட்டரின் முனைகளில் கவ்வி, மீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்தேன். ஒய் கேபிளை அதன் ட்ரைவருக்கே திருப்பிப் போட்டு, இயந்திரத்தை இயக்கி, ஒய் அச்சை 0-விலிருந்து 600 வரை மிக மெதுவாக ஓட்டினேன். பீப் தொடர்ந்து ஒலித்தது. 330-ஐத் தாண்டும்போது ஒரு விக்கல். அப்புறம் மௌனம். ஒய் நகர்ந்துகொண்டே போனது, நடுவில் இரண்டு மூன்று முறை குருவி கத்துவது போலச் சிறு ஒலி. 500-க்கு அருகில் பீப் திரும்ப வந்தது, 600 வரை நிற்கவில்லை.

330 முதல் 500 வரை, 170 மில்லிமீட்டர். இந்த எண் சும்மா வந்ததல்ல. கேபிள் செயின் யு வடிவில் வளைந்து படுத்திருக்கும். அதன் வளைவு ஆரம் 28 மில்லிமீட்டர் என்று செயினிலேயே அச்சிட்டிருக்கிறது. அரைவட்டத்தின் நீளம் சுமார் 88. கேன்ட்ரி நகரும் தூரத்தில் பாதியைத்தான் வளைவு நகரும். ஆகவே கேபிளில் எந்த ஒரு புள்ளியும் அந்த வளைவுக்குள் நுழைந்து வெளியேற, கேன்ட்ரி 88-இன் இரண்டு மடங்கு, 176 மில்லிமீட்டர் போக வேண்டும். என் மௌனத்தின் நீளம் கிட்டத்தட்ட அதுவே. கம்பி அறுந்த புள்ளி வளைவுக்குள் இருக்கும்வரை முனைகள் விலகி நிற்கின்றன. வளைவைத் தாண்டி நேராகப் படுத்ததும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. முதல் நாள் கேன்ட்ரியை முன்னுக்கு இழுத்தபோது நான் செய்தது அந்தக் கம்பியை நேராக்கியதுதான். டெர்மினல் ஸ்க்ரூவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கணக்கை வைத்தே இடத்தையும் குறித்தேன். ஒய் 0-வில் இருக்கும்போது வளைவு தொடங்கும் கண்ணியில் ஒரு டேப் ஒட்டினேன். ஒய்யை 415-க்கு, மௌனப் பகுதியின் நடுவுக்குக் கொண்டுபோய், வளைவின் நடுக் கண்ணியில் இன்னொரு டேப். செயினின் மூடிகளை நெம்பித் திறந்து கேபிளை வெளியே எடுத்தேன். வெளியுறை பளபளவென்று புதிதுபோல இருந்தது, கீறல்கூட இல்லை. இரண்டாவது டேப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு கை நீளம் விட்டு வெட்டி, வெளியுறையை நீளவாக்கில் கீறி, நான்கு கம்பிகளையும் பிரித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு கைகளால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் இரும்பு போல நின்றன. கருப்புக் கம்பி ரப்பர் போல நீண்டது. நீளும்போது ஓரிடத்தில் உறை மெலிந்து வெளிறியது. உள்ளே செம்பு இல்லாத இடம் அது. பிளேடால் கீறித் திறந்தால், இழைகள் எல்லாம் ஒரே இடத்தில் குட்டை குட்டையாக முறிந்து, முனைகள் தேய்ந்து மழுங்கி, சுற்றிலும் கருமையான தூள். பல ஆயிரம் முறை வளைந்து நிமிர்ந்த செம்பு அப்படித்தான் சாகும்.

ஏன் அங்கே? கேபிள் 7 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே தடித்த இழைகள், சுவரில் அசையாமல் கிடப்பதற்குச் செய்த வகை. இடைவிடாமல் அசையும் இடத்துக்கான கேபிள்களுக்கே, வளைவு ஆரம் கேபிள் விட்டத்தைப் போல 7.5 முதல் 10 மடங்காவது இருக்க வேண்டும் என்றுதான் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். 7-க்கு அது 52 முதல் 70. நான் கொடுத்திருந்தது 28. அதோடு, செயினுக்குள் கேபிள்கள் ஆடக் கூடாதென்று மூன்று கேபிளையும் நடுவில் டேக் போட்டு ஒன்றாகக் கட்டியிருந்தேன். அதுவும் தப்பு. வளைவின் உட்பக்கக் கேபிளும் வெளிப்பக்கக் கேபிளும் ஒரே தூரம் போவதில்லை, அவை ஒன்றின் மேல் ஒன்று நழுவ வேண்டும். செயினின் இரண்டு முனைகளில் மட்டும் கட்டி, நடுவில் சுதந்திரமாக விட வேண்டும்.

புதுக் கேபிள் நான்கு கம்பி, ஒவ்வொன்றும் 0.75 சதுர மில்லிமீட்டர், முடிபோல மெல்லிய இழைகள், மேலே பின்னல் உறை. பின்னல் உறையை ட்ரைவர் பக்கம் மட்டும் தரையோடு இணைத்தேன். புதுச் செயினின் வளைவு ஆரம் 55. செயின் பெரிதானால் அதன் உயரமும் கூடும்; பழையது சிறிய இடத்திலேயே அடங்கியது, புதியதற்கு 110-க்கு மேல் இடம் வேண்டியிருந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கீழே இறக்கிப் புதுத் துளைகள் போட ஒரு மாலை முழுதும் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, துளை போட்டேன்.

எல்லாம் மாட்டி, மூடி, கட்டி, எக்ஸை ஜாக் செய்தேன். அதே முனகல்.

என்ன சொல்வது. ஒரு கணம் மோட்டாரே போய்விட்டதோ என்று வயிறு கலங்கியது. ஆனால் விரலை வைத்துப் பார்த்தபோது ஒரு வித்தியாசம் இருந்தது. பழைய முனகல் வரும் போகும். இது கேன்ட்ரி எங்கே நின்றாலும் ஒரே மாதிரி. விட்டு விட்டு வரும் பழுது இல்லை இது, நிரந்தரமானது. நிரந்தரமான பழுது எப்போதும் சுலபம்.

மின்சாரத்தை நிறுத்தி ட்ரைவர் பக்கம் அளந்தேன். ஏ+ முதல் ஏ- வரை ஓஎல். பி+ முதல் பி- வரை ஓஎல். ஒரே கேபிளில் இரண்டு சுருளும் ஒரே சமயத்தில் அறுபடாது. குறுக்கே அளந்தேன்: 1-ஆம் கம்பிக்கும் 4-ஆம் கம்பிக்கும் இடையே 1.7. 2-க்கும் 3-க்கும் இடையே 1.7. ஜோடி மாறியிருக்கிறது. ஒரு சுருளின் ஒரு முனை ட்ரைவரின் ஏ பக்கமும் மறு முனை பி பக்கமும் போய்விட்டால், ட்ரைவரால் எந்தச் சுருளையும் தனியாக ஆள முடியாது. அதனால்தான் ஒரு சுருள் அறுந்த மோட்டாரைப் போலவே இதுவும் துடிக்கிறது.

காரணம் கனெக்டரில் இருந்தது. புதுக் கேபிளில் நான்கு கம்பியும் கருப்பு; மேலே 1, 2, 3, 4 என்று வெள்ளை எண்கள். வட்டக் கனெக்டரில் நான்கு முனைகள். முன்பக்கம் இருந்து பார்த்தால் 1, 2, 3, 4 கடிகாரச் சுற்றில் வரும். சால்டர் வைக்கும் பின்பக்கம் இருந்து பார்த்தால் அதே எண்கள் எதிர்ச்சுற்றில். முன்பக்கத்து வரைபடத்தை மேசையில் வைத்துக்கொண்டு பின்பக்கம் சால்டர் வைத்தேன். 1-உம் 3-உம் அதனதன் இடத்தில், 2-உம் 4-உம் இடம் மாறி. ஏ சுருள் 1, 2 முனைகளில் என்பதால் ஜோடி உடைந்தது. கனெக்டரின் பின்பக்கத்தில், முனைக்குப் பக்கத்திலேயே குட்டி எண் அச்சிட்டிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

உறுதி செய்துகொள்ள மீட்டர் இல்லாத பழைய சோதனையையும் செய்தேன், அது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். ட்ரைவரிலிருந்து கழற்றிய கேபிளின் 1, 2 இரண்டையும் ஒன்றாகத் தொடவைத்து, கப்ளிங்கை விரலால் சுற்றினேன். லேசாகச் சுற்றியது. 1, 4 இரண்டையும் தொடவைத்துச் சுற்றினேன். சட்டென்று கனத்துவிட்டது, தேன் பாட்டிலில் கரண்டியைத் திருப்புவது போல. ஸ்டெப்பரின் தண்டைத் திருப்பினால் அது ஜெனரேட்டர். சுருளின் இரு முனையும் சேர்ந்தால் உண்டாகும் மின்னோட்டம் தண்டையே எதிர்த்துப் பிடிக்கிறது. வண்ணம் மங்கிய, வரைபடம் தொலைந்த மோட்டாரிலும் இப்படி ஜோடியைக் கண்டுபிடிக்கலாம்.

ட்ரைவர் பக்கத்தில் 2-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றினால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். செய்யவில்லை. ஓரிரு வருடம் கழித்து வேறு காரணத்துக்காக இதைத் திறக்கும்போது, எண் வரிசை மாறிய கேபிள் என்னையே குழப்பும். கனெக்டரைத் திறந்து இரண்டு முனைகளையும் மறுபடி சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடினேன். மாட்டினேன். எக்ஸ் வழுக்கிக்கொண்டு போனது. போன திசையும் சரி. ஒரு சுருளின் இரு முனைகள் மட்டும் தங்களுக்குள் மாறியிருந்தால் திசை தலைகீழாகும். அது பழுதில்லை, $3-இல் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் நீண்ட சோதனை. எக்ஸ் ஸ்லைடில், நுண்ணிய நகர்வையும் காட்டும் டயல் கேஜைத் தொடவைத்துப் பூஜ்யமாக்கினேன். எக்ஸ் 300 மில்லிமீட்டர் போய்த் திரும்ப, அதே சமயம் ஒய் 0-வுக்கும் 600-க்கும் இடையே முழுதாக உலாவ, நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு சிறு ஜி-கோடு (இயந்திரத்துக்கான கட்டளை நிரல்) எழுதி இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். பழுது ஒய் நிலையைப் பொறுத்தது என்பதால் எக்ஸை மட்டும் ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. முடிவில் டயல் கேஜ் பூஜ்யத்திலிருந்து 0.01-க்கும் 0.02-க்கும் இடையே நின்றது. ஒரு ஸ்டெப்கூட விடவில்லை. ஒரு சுற்றின் 200 ஸ்டெப்பில் ஒரு முழு ஸ்டெப் விட்டிருந்தாலே 0.025 காட்டியிருக்கும்.

வேலை முடிந்தது என்று கருவிகளை எடுத்து வைத்தேன். பழைய செயின் மேசை மேல் கிடந்தது. இசட் மோட்டாரின் கேபிளும் அதே செயினுக்குள்தான் இத்தனை நாள் ஓடியது. அதே வகை, அதே வயது. அதை அப்படியே புதுச் செயினுக்கு மாற்றியிருந்தேன், இசட் எந்தக் குறையும் காட்டவில்லை. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. மூடிகளைத் திறந்து அதையும் வெளியே எடுத்து, பழைய செயினின் வளைவில் இருந்த பகுதியை வெட்டி, நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாக இழுத்தேன். சிவப்பு நின்றது. நீலம் நின்றது. கருப்பு நின்றது. பச்சை, கை விரல்களுக்கு இடையே மெல்ல நீண்டது.